விளக்கு முதலில், மலர் பிறகு: வீட்டின் உட்புறத்தை அலங்கரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டைப் புது மலர்களாலும் விளக்குகளாலும் அலங்கரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பூவைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அதை எங்கே வைப்பது, எந்த வெளிச்சத்தில் காட்டுவது என்ற யோசனை பொழுது சாய்ந்த பிறகே வருகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை அடர்சிவப்பு ரோஜாக்களைக் கை நிறைய வாங்கிவந்து அடுக்கிவிட்டு, இரவில் மின்விளக்குகளை அணைத்து மெழுகுவர்த்திகளை மட்டும் ஏற்றினேன். பகலில் பட்டுப்போல் மின்னிய அந்த ரோஜாக்கள் அந்த ஒளியில் கரித்துண்டுகளைப்போல் கறுத்துத் தெரிந்தன. பூவின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வரிசையைத் தலைகீழாக்கியிருந்தேன். ஒளி எங்கிருந்து, எவ்வளவு, எந்த நிறத்தில் வரப்போகிறது என்பதை முதலில் முடிவுசெய்து, அந்த ஒளியில் எடுபடும் மலரை அதன் பின்னரே தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதற்படி: இருட்டில் அறையைப் பாருங்கள்

அலங்காரம் தேவைப்படும் நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பாக, அதே நேரத்தில், அந்த அறையின் விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வருபவர்கள் உட்காரப்போகும் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கையில் ஒரே ஒரு மேசை விளக்கை வைத்துக்கொண்டு, அதை அறையின் மூலை, சன்னலோரம், அலமாரியின் மேல்தட்டு, தரை என இடம் மாற்றிமாற்றி வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் வைக்கும்போது சுவர் அழகாக ஒளிர்கிறது, எந்த இடத்தில் வைக்கும்போது கண் கூசுகிறது, சன்னல் கண்ணாடியும் தொலைக்காட்சித் திரையும் எதைப் பிரதிபலிக்கின்றன என்பவை கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். மின்விசிறியின் காற்று எதுவரை வருகிறது, திரைச்சீலை ஆடினால் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பவற்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்; சுடர் விளக்குகளை எங்கே வைக்கக்கூடாது என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கும்.

பிறகு வாசலில் நின்று உள்ளே பாருங்கள். பார்வை இயல்பாக முதலில் விழும் இடம் ஒன்று எந்த அறையிலும் இருக்கும். பெரிய அமைப்பு அங்கேதான் இருக்க வேண்டும். அதைத் தவிர இரண்டு சிறிய அமைப்புகள் போதும். அறையில் இருக்கும் ஒவ்வொரு மேசையின் மேலும் ஒரு பூச்சாடி, ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு விளக்கு என்று நிரப்பினால், செலவு கூடுவதைத் தவிர வேறு பயனில்லை.

இரண்டாம் படி: ஒளியைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு மெழுகுவர்த்தியின் சுடர் ஏறத்தாழ 12 லூமன் ஒளியைத் தருகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளி சுமார் 800 லூமன். இன்று அதே ஒளியை 8 முதல் 10 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது. அதாவது, ஒரு சாதாரண பல்பின் வெளிச்சத்தைச் சுடர்களால் மட்டும் பெற வேண்டுமானால் அறுபதுக்கும் மேற்பட்ட மெழுகுவர்த்திகள் வேண்டும். தூரம் இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், அகல் விளக்குகளை மட்டும் நம்பி ஓர் அறையை ஒளியூட்ட முடியாது என்பது விளங்கும். சுடர் அறைக்கு நகை போன்றது. உடையாக இருக்க வேண்டியது மங்கலான மின்னொளி. கூரை விளக்கை முழுதும் அணைத்துவிடாமல், ஒளியளவைக் குறைக்கும் டிம்மர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கூரை விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு மேசை விளக்கை எரியவிடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அந்த ஒளியே அறைக்குப் போதும்.

அடுத்தது ஒளியின் நிறம். பல்பின் பெட்டியில் கெல்வின் அளவில் இது குறிக்கப்பட்டிருக்கும். மெழுகுவர்த்தியின் ஒளி சுமார் 1900 கெல்வின். மஞ்சள் கலந்த இதமான பல்பு 2700 கெல்வின். அலுவலகங்களில் காணும் வெள்ளை ஒளி 4000-க்கு மேல். பகலொளியை ஒத்த நீலம் கலந்த வெள்ளை 6500 வரை. சுடர் விளக்குகளோடு சேர்த்து எரியும் எந்த மின்விளக்கும் 2700 கெல்வினைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 6500 கெல்வின் பல்பின் கீழே அகல் விளக்கை ஏற்றிவைத்தால், அதன் சுடர் ஒரு ஆரஞ்சுப் புள்ளியாகச் சுருங்கிவிடும்.

பலரும் பார்க்கத் தவறும் மூன்றாவது எண், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. மதிப்பு. இதன் உச்சம் 100. எண்பது மதிப்புள்ள பல்பு அன்றாட வேலைக்குப் போதும் என்றாலும், மலர்களின் மேல் விழும் ஒளிக்கு 90 அல்லது அதற்கு மேலான பல்பை வாங்குங்கள். மலிவான எல்.இ.டி. பல்புகளில் ஆழ்ந்த சிவப்புதான் முதலில் மங்கிப்போகும். ரோஜாவும் சிவப்பு ஜெர்பெராவும் பழுப்பேறியதுபோல் தோன்றுவதற்குப் பூவின் வயதைக் குறை சொல்வதற்கு முன் பல்பின் பெட்டியைப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: அந்த ஒளிக்கு ஏற்ற மலர்

என் ரோஜாக்கள் ஏன் கறுத்தன என்பதற்கு விடை நம் கண்ணில் இருக்கிறது. ஒளி குறையக் குறைய, சிவப்பை உணரும் திறனைக் கண் மற்ற நிறங்களைவிட விரைவாக இழக்கிறது. புர்கின்யே என்ற செக் அறிவியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் கவனித்துச் சொன்ன விளைவு இது. சரி, அப்படியானால் நீலமும் ஊதாவும் தப்பித்துவிடுமே என்று தோன்றலாம். ஆனால் சுடரின் ஒளியில் நீலக் கதிர்கள் மிகக் குறைவு என்பதால், பிரதிபலிக்க ஏதுமின்றி அவையும் சாம்பல் நிறமாகிவிடுகின்றன. இருபுறமும் இப்படி அடைபட, சுடரொளியில் எடுபடுபவை வெள்ளை, சந்தன நிறம், இளமஞ்சள், வெளிறிய இளஞ்சிவப்பு, பீச் நிறம் ஆகியவை. அடர்நிறப் பூக்கள்தான் வேண்டுமென்றால் அவற்றின் மேல் நேராக விழும் ஒரு மின்விளக்கு கட்டாயம் தேவை.

இதழின் தடிமனும் கணக்கில் வர வேண்டும். மெல்லிய இதழ்களின் வழியே ஒளி ஊடுருவும். அவற்றின் பின்னால் விளக்கை வைத்தால் பூவே விளக்குபோல ஒளிரும். ஆர்க்கிட், சம்பங்கி போன்ற தடித்த இதழ்களில் ஒளி ஊடுருவாது. ஆனால் பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியில் அவற்றின் மேற்பரப்பு மெழுகுபோல் பளபளக்கும்.

வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய வேறு சில கேள்விகளும் உண்டு. இரவில் அந்தப் பூ விரிந்திருக்குமா? தாமரையும் பகலில் மலரும் அல்லி வகைகளும் மாலையில் கூம்பிவிடுவதால், அவற்றை நம்பி இரவு அலங்காரத்தைத் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். மணம் எவ்வளவு தூரம் வீசும்? சம்பங்கியும் மல்லிகையும் பொழுது சாய்ந்த பிறகுதான் முழுமணத்தை வெளியிடுகின்றன. கூடத்தில் இனிக்கும் அந்த மணம், கதவடைத்த படுக்கையறையில் தலைவலியாகிவிடும். உணவு மேசையில் மணமில்லாத பூக்களையே வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் லில்லி வகைகளை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். அதன் இதழ், இலை, மகரந்தம், சாடியின் நீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பூனை இல்லாதவர்களும் லில்லி விரிந்தவுடன் அதன் மகரந்தப் பைகளை நுனிவிரலால் கிள்ளி எடுத்துவிட வேண்டும், ஏனெனில் துணியில் பட்ட அந்தக் கறை எளிதில் போகாது. பட்டுவிட்டால் தண்ணீரால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவால் தூளை ஒற்றியெடுங்கள். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு என்பதால், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

நான்காம் படி: மலர்களைத் தயார் செய்தல்

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்களின் பூக்கள் ஒரே நாளில் தலை தொங்கிவிடுகின்றன. முறையாகச் செய்தால் ரோஜா ஏறத்தாழ ஒரு வாரமும், கார்னேஷனும் சாமந்தியும் இரண்டு வாரம் வரையிலும் நிற்கும். ஆகவே பூக்களை முதல் நாளே வாங்கி, ஓர் இரவு முழுதும் நீர் குடிக்க விடுங்கள்.

வெட்டப்பட்ட காம்பு நீரை இழுப்பது மிக நுண்ணிய குழாய்களின் வழியே. அந்தக் குழாய்களை அடைக்கக்கூடிய எதிரிகள் இரண்டு: வெட்டிய இடத்தில் உள்ளே நுழையும் காற்றுக்குமிழியும், நீரில் பெருகும் பாக்டீரியாவும். பின்வரும் வேலைகள் அனைத்தும் இவ்விரண்டையும் தடுப்பதற்காகவே.

வாளியையும் சாடியையும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்; போன வாரப் பூக்களின் வழவழப்பு அடியில் இருந்தால் மற்ற எதுவும் பயன்தராது. நீருக்குள் மூழ்கும் உயரத்தில் இருக்கும் இலைகள் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். கூரிய கத்தியாலோ கத்தரியாலோ காம்பின் அடியில் 2 முதல் 3 செ.மீ. நீளத்தைச் சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால்தான் காம்பு சாடியின் அடியில் அப்படியே படிந்து அடைபடாமல் இருக்கும். ரோஜாவை மட்டுமாவது, ஒரு கிண்ண நீருக்குள் காம்பின் முனையை மூழ்கவைத்து வெட்டுவது நல்லது. வெட்டியவுடன் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, குளிர்ச்சியான, வெயில் படாத அறையில் விட்டுவிடுங்கள்.

எல்லாப் பூவுக்கும் ஒரே முறை பொருந்தாது. ஜெர்பெராவின் காம்பு மென்மையானது, மெல்லிய மயிருள்ளது. ஆழ்ந்த நீரில் அழுகிவிடும் என்பதால் அதற்கு 5 செ.மீ. உயர நீரே போதும். டியூலிப் குளிர்ந்த நீரை விரும்பும்; வெட்டிய பின்னும் வளர்ந்துகொண்டே ஒளியை நோக்கி வளையும் என்பதால், அதற்கு இடம்விட்டு அடுக்க வேண்டும். நார்சிசஸ் வகைகளின் காம்பிலிருந்து வடியும் வழவழப்பான சாறு மற்றப் பூக்களைக் கெடுக்கும். அவற்றைச் சில மணி நேரம் தனி வாளியில் வைத்திருந்து, மறுபடி வெட்டாமல், பிறகே மற்றவற்றுடன் சேர்க்கலாம். காம்பில் பால் வடியும் செடிகளின் வெட்டுமுனையைச் சில நொடிகள் சுடரில் காட்டினால் கசிவு நின்றுவிடும். மரத்தன்மை கொண்ட தடித்த காம்புகளைச் சுத்தியலால் நசுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நசுங்கிய பகுதி விரைவில் அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகிறது என்பதால், கத்தியால் அடியில் ஓரிரு செ.மீ. பிளந்துவிடுவதே மேல்.

தலை தொங்கிய ரோஜாவைத் தூக்கி எறிய வேண்டாம். காம்பை மீண்டும் வெட்டி, பூவும் காம்பும் முழுதாக மூழ்கும்படி அகன்ற பாத்திர நீரில் ஒரு மணி நேரம் படுக்கவைத்தால், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

பூக்களுக்கான உணவுத்தூள் கிடைத்தால் பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கலக்குங்கள். அதில் ஆற்றலுக்குச் சர்க்கரையும், நீரின் புளிப்பைக் கூட்ட ஓர் அமிலமும், பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் வேதிப்பொருளும் இருக்கின்றன. வீட்டிலேயே சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் பிளீச்சையும் கலந்து இதைத் தயாரிக்கச் சொல்வோர் உண்டு. அமிலமும் பிளீச்சும் அடர்நிலையில் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. சர்க்கரையை மட்டும் போடுவதும் பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பதாகவே முடியும். உணவுத்தூள் இல்லையென்றால் நாள்தோறும் நீரை மாற்றுங்கள்; அது போதும்.

ஐந்தாம் படி: சாடியும் அடுக்கும் முறையும்

சாடிக்கு மேலே தெரியும் பூக்களின் உயரம் சாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்குச் சமநிலையாகத் தோன்றும். உணவு மேசைக்கு இது பொருந்தாது; அங்கே அமைப்பு முழுவதும் 30 செ.மீ. உயரத்துக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரில் இருப்பவரின் முகத்தைத் தேடிக் கழுத்தை வளைத்தபடி பேச நேரிடும்.

வாய் அகன்ற சாடியில் பூக்கள் சாய்ந்து விழாமல் இருக்க, அதன் வாயின் குறுக்கே மெல்லிய ஒட்டும் நாடாவைக் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொள்ளலாம், அல்லது கம்பிவலையைச் சுருட்டி உள்ளே வைக்கலாம். ஜப்பானிய மலரடுக்குக் கலையில் பயன்படும், கென்சான் என்ற முள்தட்டு ஆழமில்லாத தட்டுகளுக்கு மிகவும் ஏற்றது. பச்சை நிற ஃபோம் கட்டிகள் வசதியானவைதான். ஆனால் அவை மக்காத பிளாஸ்டிக், நொறுங்கினால் நுண்துகள்களாக நீரில் கலந்துவிடும்.

அடுக்கும்போது முதலில் இலைக்கொத்துகளால் வெளிவடிவத்தை அமைத்து, அடுத்துப் பெரிய பூக்களை மூன்று அல்லது ஐந்து என ஒற்றைப்படையில் வெவ்வேறு உயரத்தில் செருகி, கடைசியாகச் சிறு பூக்களால் இடைவெளிகளைத் தொட்டுச் செல்லுங்கள். எல்லா இடைவெளிகளையும் அடைத்துவிட வேண்டாம். ஒளி நுழைய வழியில்லாத நெருக்கமான கொத்து, விளக்கின் அருகே ஒரே இருள் திரளாகத் தெரியும்.

ஆறாம் படி: நீரில் மிதக்கும் அமைப்பு

செலவும் உழைப்பும் குறைவாக, இரவில் அழகு மிகுதியாக இருப்பது இதுவே. ஆழம் குறைந்த அகன்ற பாத்திரத்தில் முக்கால் பங்கு நீர் ஊற்றி, காம்பை ஒரு செ.மீ. விட்டு வெட்டிய பூக்களை மிதக்கவிடுங்கள். சாமந்தி, ரோஜா, ஜெர்பெரா, ஆர்க்கிட் ஆகியவை நன்றாக மிதக்கும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் பூக்களால் மூடாதீர்கள். வெற்று நீர்தான் சுடரைப் பிரதிபலித்து ஒன்றை இரண்டாக்குகிறது. உள்பக்கம் கருமையாக இருக்கும் பாத்திரத்தில் இந்தப் பிரதிபலிப்பு கூர்மையாகத் தெரியும்.

மிதக்கும் மெழுகுவர்த்திகளையும் பூக்களையும் ஒரே பாத்திரத்தில் விட்டால் அவை ஒன்றையொன்று நெருங்கி இதழ் கருகும். மெழுகுவர்த்திகளைத் தனிக் கிண்ணத்தில் விட்டு, அதைப் பூக்கள் மிதக்கும் பாத்திரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி வைப்பதே நான் கண்ட எளிய தீர்வு. நீருக்குள் மூழ்கவைக்கும் மின்விளக்குகள் என்றால், நீர் புகாது என்பதைக் காட்டும் ஐ.பி. 68 என்ற குறியீடு உள்ளவற்றை மட்டும் பயன்படுத்துங்கள். பொத்தான் பேட்டரியில் இயங்கும் சிறுவிளக்குகளின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும்.

ஏழாம் படி: விளக்கை மலரோடு சேர்த்தல்

மலரின் முன்னால் விளக்கை வைத்தால் பூ தட்டையாகத் தெரியும், பார்ப்பவர் கண்ணும் கூசும். பக்கவாட்டில், பூவைவிடச் சற்று உயரத்தில் வைத்தால் ஒவ்வோர் இதழின் விளிம்பும் நிழலும் துலங்கும். பின்னால் மறைத்துவைத்தால் மெல்லிய இதழ்கள் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கும். தரையில் வைத்து மேல்நோக்கிக் காட்டினால் சுவரில் பெரிய நிழல்கள் எழும். கிளைகளுக்கு இது அழகு, குட்டையான கொத்துகளுக்குப் பயனில்லை. சுற்றியுள்ள ஒளியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி மலரின் மேல் விழுந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும். அமைப்பின் பின்னால் ஒரு கண்ணாடி இருந்தால், விளக்குகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சுடர்கள் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மெழுகுவர்த்திகளுக்கிடையே 8 செ.மீ. இடைவெளி தேவை, அதைவிட நெருங்கினால் ஒன்றின் வெப்பத்தில் மற்றொன்று உருகி வழியும். எரியக்கூடிய எதுவும், பூவும் இலையும் உட்பட, சுடரிலிருந்து 30 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும். சுடருக்கு நேர்மேலே அலமாரித் தட்டோ தொங்கும் சரமோ கூடாது. மெழுகுத் திரியை ஏற்றும்முன் 6 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள், எண்ணெய் விளக்கிலும் திரி நுனி சிறிதளவே வெளியே நீட்டியிருக்கட்டும். நீண்ட திரி புகையையும் கரியையும்தான் தரும். ஒவ்வொரு விளக்கின் அடியிலும் எரியாத தட்டு ஒன்று இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் நீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடி அணைக்க வேண்டும். அதற்கேற்ற மூடி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் முன்பே வைத்துவிடுங்கள். அறையை விட்டு எல்லோரும் வெளியேறினால் சுடர்கள் அணைந்தாக வேண்டும், ஐந்து நிமிடமே ஆனாலும்.

வெப்பம் பூவுக்கும் பகை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பூவின் சுவாசம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ விரைவாகிறது. அதற்கேற்ப அதன் ஆயுள் குறைகிறது. ஆகவே விளக்குகளை ஏற்றுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: அன்றும் அதற்குப் பின்னும்

காலையில் சாடிகளை நிரப்பி அடுக்கி முடித்து, அவற்றைக் குளிர்ந்த அறையிலேயே விட்டுவைத்து, ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உரிய இடத்தில் வையுங்கள். அதன்பின் மின்விளக்குகளின் ஒளியைச் சரிசெய்து, இறுதியாகச் சுடர்களை ஏற்றுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரு மெழுகுவர்த்தியைத் தொடர்ந்து எரியவிட வேண்டாம்.

இரவு எல்லாம் முடிந்ததும் பூச்சாடிகளை மீண்டும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும், கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அதில் சட்டென்று வாடும். உணவுத்தூள் கலந்திருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை முழுதும் மாற்றி, காம்பின் அடியை மறுபடியும் ஒரு செ.மீ. வெட்டுங்கள். இப்படி வெட்ட வெட்டக் காம்பு குட்டையாகும்போது பெரிய சாடியிலிருந்து சிறிய சாடிக்கும், அதன் பிறகு மிதக்கும் பாத்திரத்துக்கும் பூக்களை மாற்றலாம். உலர்ந்த இதழ்கள் எளிதில் தீப்பற்றும்; அவற்றைச் சுடர்களின் அருகே தூவி வைக்காமல் செடிகளுக்கு உரமாக்குங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்ட வேண்டியதில்லை. கிண்ணம் முதலில் அறை வெப்பநிலைக்கு ஆறட்டும். பிறகு சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் மெழுகு சுருங்கி, தட்டியவுடன் கழன்று விழும்.